அம்மா வீட்டுக் கமராவை நான் பூட்டவில்லை

கமரா பூட்டுகிற, அதாவது சுவரில் பொருத்திக் கொடுக்கிற தொழில் கள்ளர்களால் நடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கள்ளர்களை நம்பியிருந்தால் நான் எப்போதோ கடையை இழுத்து மூடியிருப்பேன். இந்தத் தொழிலுக்குச் சோறு போடுவது பொறாமை. பக்கத்து வீட்டில் பூட்டியாயிற்று, மச்சான் வீட்டில் பூட்டியாயிற்று, நாங்கள் மட்டும் என்ன குறைந்துவிட்டோமா என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் என் கடைப்படியில் ஏறுகிறார்கள். பாதுகாப்பு என்ற சொல்லை அவர்களும் சொல்வார்கள், நானும் சொல்வேன். அது ஒரு மரியாதைக்கு.

கிளிநொச்சியில் எனக்கொரு சின்னக் கடை. கல்யாணம் முடித்தது வட்டக்கச்சியில், வீடும் அங்கேதான். ஏணியை மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டாகக் கட்டிக்கொண்டு, முதுகில் சுவரில் ஓட்டை போடுகிற றில் மெசினோடு வன்னியின் ஒழுங்கையெல்லாம் திரிகிறவன் நான். கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே குப்புறப் படுத்து வயர் இழுத்தவர்களுக்கும், "படம் கிளியர் இல்லை" என்று பல்லுத் தீட்டமுன்னரே போனில் ஏச்சு வாங்கிக் கட்டியவர்களுக்கும் என் பாடு தெரியும்.

ஊரார் பொறாமையில் பிழைக்கிற உனக்கு அந்த நோய் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாக முற்றிய நிலையில் இருக்கிறது. முள்ளியவளையில் என் அம்மா தனியாக இருக்கிறா. அந்த வீட்டுச் சுவரில் ஒரு கமரா இருக்கிறது. கிளிநொச்சியில் பாதிப் பேருக்குக் கமரா பூட்டியவன் நான், என் தாயின் வீட்டுக் கமராவைப் பூட்டியவன் இன்னொருவன். பூட்டுவித்தவன் கனடாவில் இருக்கிற என் அண்ணன். வெளிநாட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ இருக்க, ஊரில் நின்று தாய் தகப்பனைப் பார்க்கிறவர்கள் இதை வாசித்தால், நீங்கள் என் கட்சி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு கமராக்கள் முறைத்துக்கொண்டன

வட்டக்கச்சியில் செல்வராசா அண்ணை என்று ஒருவர். ஒருநாள் காலையில் போன் எடுத்து, அவசரம், இப்பவே வா என்றார். களவுதான் போய்விட்டதாக்கும் என்று தேநீரையும் குடிக்காமல் ஓடினேன். "என்ன அண்ணை போச்சுது?" என்று கேட்டால், "என்ர வீட்டிலை போறதுக்கு என்ன கிடக்கு?" என்கிறார். விசயம் என்னவென்றால், வேலிக்கு அங்கால் இருக்கிற அவருடைய சித்தப்பாவின் மகனுக்கு முதல் கிழமைதான் நான் ஒரு கமரா பூட்டியிருந்தேன். அதே கமரா தனக்கும் வேண்டுமாம். ஆனால் அதைவிடக் கொஞ்சம் உயரத்தில்.

படலையைப் பார்க்கிற மாதிரிப் பூட்டினால் வாறவர் போறவர் தெரியும் என்று தொழில்காரன் முறையில் எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தம்பிக்காரன் வீட்டைப் பார்த்த தன் சுவரைக் காட்டினார். பூட்டினேன். பிறகு அவருடைய போனில் படத்தைத் திறந்து பார்த்தால், அதில் தெரிந்தது தம்பிக்காரனின் கமரா மட்டும்தான். வேறொன்றும் இல்லை. வேலிக்கு மேலால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

"அண்ணை, இதிலை ஒரு பிரயோசனமும் இல்லை. கள்ளன் படலையாலை வந்து, சாமானெல்லாம் தூக்கிக்கொண்டு, படலையாலைதான் போகப்போறான்" என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணை போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன்ர கமரா என்ர வீட்டைப் பாக்கேக்கை, என்ர கமரா என்ன வானத்தையோ பாக்கிறது?"

ஒலிபெருக்கியில் பாஸ்வேட்

அதே பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். உண்டியலை யாரோ அசைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து, நிர்வாகசபை கூடி, கமரா பூட்டுவது என்று முடிவெடுத்தது. பூட்டுவதில் சண்டை இல்லை. போனில் யார் பார்ப்பது என்பதில்தான் சண்டை. தலைவர் பார்த்தால் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. செயலாளர் பார்த்தால் பொருளாளர் கூட்டத்துக்கே வரமாட்டாராம். நான் ஏணியில் நின்றபடி மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று பின்னேரப் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தல் போனது. கோயில் கமராவின் பாஸ்வேட் இன்னதென்று, ஆங்கில எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக, இரண்டு தரம் வாசித்தார்கள். நான் ஏணியால் இறங்கி ஓடினேன். "ஐயா, பாஸ்வேட் எண்டால் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாத சாமான்!" என்றேன். செயலாளர் ஆறுதலாகச் சொன்னார், ஒருவருக்கும் சொல்லாவிட்டால் தங்களுக்குச் சொல்லவில்லை என்று எல்லோரும் கோபிப்பார்களாம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் களவு கொடுத்துவிட்டு இருக்கலாம், கோபத்தை வாங்கிக்கொண்டு இருக்கமுடியாது.

பிறகென்ன, ஊர் முழுவதும் பார்த்தது. சுவிசில் இருக்கிற ஊராரும் பார்த்தார்கள். உண்டியலை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. திருவிழா நெருங்க எனக்குப் போன் மேல் போன். கமராவை உண்டியலிலிருந்து வசந்த மண்டபப் பக்கம் திருப்பிவிட வேண்டுமாம். பூசை முடிந்து பெரிய மனிதர்களுக்கு வெற்றிலையும் பழமும் வைத்த தட்டில் மரியாதைக்குக் காளாஞ்சி கொடுப்பது அந்த இடத்தில்தான். "உண்டியலை என்ன செய்யிறது?" என்று பொருளாளரிடமே கேட்டேன். அவர் சொன்னார்: "உண்டியலைப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் தம்பி. காளாஞ்சி ஆருக்கு முதல் குடுக்கினம் எண்டதைத்தான் நாங்கள் பாக்கோணும்."

வவுனியாக்காரன்

இப்படி எல்லோருடைய எரிச்சலையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த என்னுடைய சிரிப்பை நிற்பாட்டியவன் வவுனியாவிலிருந்து வந்தான். அவனும் கமரா பூட்டுகிறவன், ஆனால் அவனிடம் வான் இருந்தது. வானின் இரண்டு பக்கமும் கமராப் படம். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வான். சுவரில் சிவப்புக் கோடு அடிக்கிற ஒரு லைற் வைத்திருந்தான், அந்தக் கோட்டில் வயர் போனால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவன் வேலை செய்த இடங்களுக்கு வேறு அலுவலாய்ப் போகிறவன்போலப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு திருகாணியாவது கோணலாய் இருக்காதா என்று தேடியிருக்கிறேன். இல்லை. அவனைக் கண்டால் எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

முல்லைத்தீவில் இரும்புக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, எனக்குப் பழைய வாடிக்கை. இடப்பெயர்வில் புத்தளம் போயிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் கடை தொடங்கிய நாளிலேயே முதல் கமராவைப் பூட்டியவன் நான். அவர் புதிதாக ஒரு ஸ்டோர் கட்டினார். அந்த வேலை எனக்குத்தான் என்று மனைவிக்கும் சொல்லிவிட்டேன். ஒருநாள் அந்த வழியால் போகும்போது பார்க்கிறேன், ஸ்டோர் வாசலில் அந்த வான் நிற்கிறது.

திருகாணி வாங்குகிற சாட்டில் கடைக்குள் போனேன். வாங்கினேன். காசும் கொடுத்தேன். பிறகும் நின்றேன். நானாவுக்கு விளங்கிவிட்டது. வேலையில் குறையா நானா, விலையில் குறையா என்று கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை: "உங்கட வேலையில ஒரு குறையும் இல்ல தம்பி. நீங்க வந்தா நேரே சுவரைப் பாப்பீங்க. அவர் வந்து முதல்ல என்னைப் பாத்து, முதலாளி சாப்பிட்டீங்களா எண்டு கேட்டார்."

பச்சை லைற்

இந்த அடி ஆறமுன் அடுத்தது விழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் முள்ளியவளைக்கு அம்மாவைப் பார்க்கப் போவேன். போகிற வழியில் புதுக்குடியிருப்புச் சந்தையில் மீன் வாங்குவேன். ஒரு ஞாயிறு மீன் பையோடு உள்ளே போனால், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாய், உருண்டையாய் ஒரு கமரா. வயர் எங்கே போகிறது என்று தேடினேன், தெரியவில்லை. தெரியாததால்தான் அது வவுனியாக்காரன் பூட்டியது என்று தெரிந்தது. அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "உனக்கு ஏன் கரைச்சல் எண்டுதான் தம்பி. இன்ரநெற்றிலை பாத்தன், அந்த ஆளுக்கு நல்ல பேர் போட்டிருக்கினம்" என்றான். என்னைப் பற்றி இன்ரநெற்றில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது.

அது கேட்கவும் கதைக்கவும் கூடிய கமரா. முதல் கிழமைகளில் அண்ணன் கனடாவிலிருந்து கதைப்பான், சுவரிலிருந்து குரல் வரும். அம்மாவுக்கு அது அதிசயம். கமராவில் ஒரு சின்னப் பச்சை லைற் எரியும். பச்சை எரிந்தால் பெரியவன் பார்க்கிறான் என்று அம்மா தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டா. எனக்குத் தெரியும், அந்தப் பச்சை, கறண்ட் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாது. நாள் முழுக்க எரியும், யார் பார்த்தாலும் எரியும், ஒருவரும் பார்க்காவிட்டாலும் எரியும். சொல்வதற்கு வாய் உன்னியது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

அண்ணனின் குரல் வரவரக் குறைந்தது. அம்மாவின் பழக்கம் குறையவில்லை. சாப்பிட முன் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக் கமராவுக்குக் காட்டுவா. பின்னேரம் விளக்கு வைத்துவிட்டு, கதிரையைக் கமராவுக்குக் கீழே இழுத்துப் போட்டு இருந்து, அன்றைய கதையெல்லாம் சொல்லுவா. அதற்கென்று நல்ல சீலை உடுப்பா. மழையிலும் வெயிலிலும் இவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிள் ஓடி வருகிற எனக்கு வீட்டுச் சட்டை, சுவரில் இருக்கிற அண்ணனுக்குச் சீலை. ஒரு ஞாயிறு மீன் பையை நீட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் நின்றேன். எனக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு அம்மா சொன்னா: "கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லு மோனை, அண்ணாவுக்கு மறைக்குது."

ஆனை முகர்ந்து பார்த்தது

என்னைவிட மோசமாக எரிந்த ஒரு மனிதரை ஒட்டுசுட்டானில் கண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவருக்கும் அவருடைய மச்சானுக்கும் பக்கத்துப் பக்கத்து வயல், நடுவில் வரம்பு மட்டும்தான். ஆனை வந்தால் எப்போதும் இவருடைய வேலியைத்தான் உடைக்கும். மச்சானின் வேலி முழுசாய் நிற்கும். மச்சான்தான் ஏதோ செய்து ஆனையை இவருடைய பக்கம் கலைத்துவிடுகிறான் என்று இவருக்கு உறுதி. அதைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கத்தான் கமரா. வெயிலில் சார்ஜ் ஆகிற ஒன்றைக் கம்பத்தில் பூட்டிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில், ஆனை வந்துபோய்விட்டது, வந்து எடுத்துக் காட்டு என்று போன் வந்தது. வரம்பில் குந்தியிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். ஆனை வந்தது. வேலியை உடைத்தது. இவருடைய நெல்லில் தும்பிக்கையை வைத்து முகர்ந்தது. பிறகு ஒன்றும் தின்னாமல் வரம்போடு நடந்து மச்சானின் வயலுக்குள் இறங்கி, ஆசை தீரத் தின்றது. மச்சான் எந்தச் சூழ்ச்சியும் செய்யவில்லை. அவருடைய நெல்லு நல்ல நெல்லு, அவ்வளவுதான்.

அண்ணை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. எனக்கு அந்தரமாக இருந்தது. "கவலைப்படாதேங்கோ அண்ணை, உங்கட பயிர் தப்பினதெல்லோ" என்றேன். அவர் போனை என்னிடம் நீட்டினார்: "தப்பினது சரி தம்பி. ஆனால் முகர்ந்து பாத்திட்டெல்லோ போகுது. ஆனைக்குக்கூட என்ர நெல்லுப் பிடிக்கேல்லை."

குசினிக்குள் ஒன்று

விசுவமடுவில் ஒரு வீடு. புருசன் கட்டார் நாட்டில் வேலை. அவரே அங்கிருந்து போன் எடுத்து, வீட்டுக்குள் ஒரு கமரா பூட்டிவிடச் சொன்னார், பாதுகாப்புக்காம். இந்த மாதிரி வேலைக்குப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு மனைவியின்மேல் ஒரு கண் வைப்பதற்கு நான் ஓட்டை போட வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் நாய் வளர்த்தோம், நாய் கள்ளனைப் பார்த்துக் குரைத்தது. கமரா யாரைப் பார்க்கிறது என்று பூட்டுகிற எனக்கே சிலநேரம் விளங்குவதில்லை.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்து, என் ஏணியைப் பார்த்து, எல்லாம் விளங்கின மாதிரிச் சிரித்தா. "பாதுகாப்போ அண்ணா? சந்தேகம் எண்டு வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கோ" என்றா. நான் தலையைக் குனிந்தேன். "பரவாயில்லை, பூட்டுங்கோ. ஆனால் குசினிக்கை பூட்டுங்கோ. விடிஞ்சால் பொழுதுபட்டால் நான் எங்கை நிக்கிறன் எண்டு அவரும் ஒருக்கால் பாக்கட்டும்." அடுப்புக்கு நேரே, சட்டிக்குள் இருப்பதும் தெரிகிற மாதிரிப் பூட்டிக் கொடுத்தேன். மனம் நிறைந்து செய்த வேலை அது.

கன நாள் போகவில்லை. கட்டாரிலிருந்து அவரே திரும்ப எடுத்தார். கமரா பழுதோ என்று கேட்டேன். இல்லை, கழற்ற வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நான் இஞ்சை கொட்டிலுக்கை இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு, அவள் நண்டு காய்ச்சுறதைப் பாக்கேலாது அண்ணை. கழட்டிவிடுங்கோ."

மின்னல் அடித்த பிறகு

ஒருநாள் கடையில் இருக்கும்போது அம்மாவின் போன். அழுகிற குரல். யாருக்கு என்ன என்று பதறிவிட்டேன். முதல்நாள் மின்னலில் கமராவின் பச்சை லைற் நூர்ந்து அணைந்துவிட்டதாம். "அண்ணான்ர கண் போயிட்டுது மோனை" என்றா. அதற்கு மேல் கேட்டாவே ஒரு கேள்வி, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு நியாயமில்லை. "அந்த வவுனியாத் தம்பியின்ர நம்பர் உன்னட்டை இருக்கோ?"

கடையைப் பூட்டிக்கொண்டு ஞாயிறல்லாத ஒரு நாளில் முள்ளியவளைக்கு ஓடினேன். கமராவில் பிழையில்லை, சுவரில் செருகுகிற சார்ஜர்தான் கருகியிருந்தது. புதியது போட்டேன். பச்சை எரிந்தது. எரிந்ததுதான் தாமதம், அம்மா அறைக்குள் போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்துவிட்டா. ஆனால் மின்னல் அடித்ததில் கமரா எல்லாவற்றையும் மறந்திருந்தது. அண்ணனின் போனோடு அதைப் புதிதாய்ச் சேர்க்க வேண்டும். கிணற்றடிக்குப் போய் அவனுக்குப் போன் எடுத்தேன். அரை நித்திரையில் எடுத்தான். எந்தக் கமரா என்று கேட்டான். அம்மா வீட்டுக் கமரா என்றேன். அதைத் தன் போனிலிருந்து எடுத்து எவ்வளவோ காலம், போனும் மாற்றிவிட்டானாம். இரண்டு வேலை, பிள்ளைகள், பனி. மாதத்தில் ஒருநாள் போனில் கதைக்கும்போது, ஓம் அம்மா பார்க்கிறேன் என்று சொல்லிவைப்பானாம்.

எனக்குச் சந்தோசம் வந்தது. உண்மையாக வந்தது. இவ்வளவு காலமும் நான் தோற்றது ஒரு சார்ஜரிடமும் ஒரு பச்சை லைற்றிடமும். இப்போது உள்ளே போய் ஒரு வசனம் சொன்னால் போதும், சீலையும் கதிரையும் கதையும் எனக்குத்தான். யன்னலால் பார்த்தேன். அம்மா முகத்தைத் தூக்கிக் கமராவைப் பார்த்து, கண் திரும்ப வந்துவிட்டதென்று சிரித்துக்கொண்டிருந்தா. சந்தோசம் வந்த வழியே போய்விட்டது. "இப்ப என்ன செய்யிறது அண்ணா?" என்று கேட்டேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னான்: "ஒண்டும் செய்யவேண்டாம். லைற் மட்டும் எரிய விடு, அம்மாவுக்கு அது காணும்."

முழங்கால் எண்ணெய்

அது காணாது, லைற் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. கமராவை என் போனோடு சேர்த்தேன். அன்றிலிருந்து பின்னேரங்களில் கடையில் வயர் சுற்றிக்கொண்டே அம்மாவைக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் "எனக்கென்ன, நல்லாய் இருக்கிறன்" என்கிற மனுசி, கமராவிடம் வேறு கதை சொன்னா. முழங்கால் நோகிறதாம். கிணற்றடியில் ஒருநாள் வழுக்கி விழப் பார்த்தாவாம். அப்பாவைக் கனவில் கண்டாவாம். எனக்குச் சொல்லாத எல்லாம் அண்ணனுக்குப் போய்க்கொண்டிருந்தது, அண்ணனின் இடத்தில் நான் இருந்தேன். ஒருநாள் கமராவைப் பார்த்து, "ஏன் ராசா இப்ப கதைக்கிறாயில்லை?" என்று கேட்டா. என் விரல் கதைக்கிற பொத்தானுக்குப் போனது. என் குரலைத் தெரியாதா அம்மாவுக்கு? விரலை எடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மீனோடு முழங்காலுக்கு எண்ணெயும் கொண்டு போனேன். அதற்கடுத்த ஞாயிறு கிணற்றடிக்குச் சீமெந்து பூசினேன். அம்மா எண்ணெய்ப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. என் களவைப் பிடித்துவிட்டா என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. "அண்ணா உன்னட்டைச் சொல்லிவிட்டிருக்கிறான் என்ன" என்றா. வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். "நல்லாய்ச் செய்யுங்கோ. ஓடி ஓடி உங்கட அண்ணாவுக்கெல்லோ பேர் வாங்கிக் குடுக்கிறியள்" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். உண்மைதான். நான் எவ்வளவுக்குச் செய்கிறேனோ அவ்வளவுக்கு அண்ணன் வளர்ந்தான். சீமெந்து காய்ந்த கிணற்றடியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மா அயலட்டைச் சனத்துக்குச் சொன்னது இது: "எவ்வளவு தூரத்திலை இருந்தாலும் பெரியவன்ர கவனம் அப்பிடி."

போன ஞாயிறு பின்னேரம்

போன ஞாயிறு எனக்குப் போக முடியவில்லை. பரந்தனில் ஒரு கடையில் வேலை முடியவில்லை, வர ஏலாது என்று அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "அதுக்கென்ன, வேலையைப் பார்" என்று சாதாரணமாய்ச் சொல்லி வைத்துவிட்டா. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் வந்தாலென்ன விட்டாலென்ன, சுவரில்தான் பெரியவன் இருக்கிறானே.

பின்னேரம் அந்தக் கடையின் ஏணிப்படியில் குந்தியிருந்து போனைத் திறந்தேன். அம்மா கதிரையில் இருந்தா. சீலை உடுக்கவில்லை. மடியில் கோப்பை, சோறு அப்படியே கிடந்தது. படலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கமராவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னா: "நீ பொறாமைப்படுவாய் எண்டுதான் ராசா இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமையிலை தம்பியின்ர மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குமட்டும் எனக்குச் சோறு இறங்காது."

ஊரார் பொறாமைக்கெல்லாம் கமரா பூட்டிப் பிழைத்த நான், கடைசியில் அண்ணன் தம்பிமேல் பட வேண்டிய பொறாமையையும் அவனுக்குப் பதிலாய் அந்த ஏணிப்படியில் இருந்து நானேதான் பட்டு முடித்தேன்.